நான்கு மூட்டை யூரியா போட்டும் குருத்து வெளுப்பது ஏன்?

கேள்வி

நான்கு ஏக்கரில் மக்காச்சோளமும் அதை அடுத்துக் காய்கறியும் பயிரிடும் விவசாயி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அப்பா காலத்திலிருந்தே மக்காச்சோள விதைப்பின்போது ஏக்கருக்கு 100 கிலோ டி.ஏ.பி. (தழைச்சத்தான நைட்ரஜனும் மணிச்சத்தான பாஸ்பரஸும் சேர்ந்த உரம்) அடியுரமாகப் போடுவது அவர்கள் வழக்கம். மேலுரமாக யூரியா முன்பு 100 கிலோவாக இருந்தது. விளைச்சல் குறையக் குறைய அது 150 ஆகி, இப்போது நான்கு மூட்டையைத் தாண்டி 200 கிலோவில் நிற்கிறது. இரண்டரை டன் மணி எடுத்த நிலம் சென்ற பருவத்தில் ஏக்கருக்கு 1.8 டன்தான் தந்தது. முளைத்த இரண்டு மூன்று வாரங்களில் குருத்து இலைகளில் வெள்ளைப் பட்டை விழுகிறது; அடி இலைகள் பச்சையாகவே இருக்கின்றன. யூரியா போட்டதும் கொஞ்சம் பச்சை திரும்புவதுபோல் தெரிகிறது, ஆனால் செடி குட்டையாகவே நிற்கிறது.

மண்ணைப் பரிசோதித்திருக்கிறார். பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8.3, மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.4 டெசிசைமன், அங்ககக் கரிமம் 0.38 சதவீதம், தழைச்சத்து குறைவு, ஓல்சன் முறையில் மணிச்சத்து 46 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 46 பங்கு); சாம்பல்சத்து (பொட்டாசியம்) நடுத்தரம்; துத்தநாகம் 0.4 பி.பி.எம்.

அவருடைய கேள்விகள் இவை. "தழைச்சத்து குறைவு என்று அறிக்கையே சொல்லும்போது யூரியாவை இன்னும் கூட்டுவதில் என்ன தவறு? உரக்கடைக்காரர் பி.எச். அதிகம் என்று ஜிப்சமும், கூடவே ஒரு வளர்ச்சி ஊக்கித் திரவமும் வாங்கச் சொல்கிறார். என் மகனோ, ரசாயன உரத்தால் உப்புப் படிந்து மண் செத்துவிட்டது, இந்தப் பருவத்தோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சாணத்துக்கு மாறலாம் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது? பக்கத்து இரண்டு ஏக்கரை ஓராண்டுக் குத்தகைக்கு எடுக்கப் போகிறேன். அதற்கும் இதே முறைதானா?"

அறுவடைக்குப் பின் தட்டையை வயலிலேயே எரித்துவிடுவதாகவும், வீட்டில் இரண்டு மாடுகள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். குடிப்பதற்கும் தோட்டத்துக் கிணற்று நீர்தான் என்பதும், வீட்டில் நான்கு மாதப் பேரக்குழந்தை இருப்பதும் போகிற போக்கில் வந்த செய்திகள். அவற்றுக்கும் வருகிறேன்.

பதில்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஆய்வு அறிக்கை அல்ல. "குருத்து வெளுக்கிறது, அடி இலை பச்சையாக இருக்கிறது" என்ற அந்த ஒரு வரிதான். அதை நீங்கள் கவனித்து எழுதிவிட்டீர்கள். ஆனால் அது சொல்லும் செய்தியைக் கேட்காமல் யூரியா மூட்டையைப் பிரித்திருக்கிறீர்கள்.

தழைச்சத்து செடிக்குள் இடம்பெயரக்கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி அடி இலையிலிருந்து அதை உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் தழைச்சத்து குறைந்த மக்காச்சோளத்தில் முதலில் மஞ்சளாவது கீழ் இலைதான். நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக உள்நோக்கி, ஆப்பு அடித்ததுபோல் மஞ்சள் இறங்கும். துத்தநாகம் அப்படி எளிதில் நகராது. பழைய இலையில் இருப்பது அங்கேயே தங்கிவிட, புதிதாக வரும் இலைதான் பட்டினி கிடக்கும். உங்கள் வயலில் பாதிக்கப்படுவது குருத்து. ஆகவே தழைச்சத்துப் பற்றாக்குறை என்ற முடிவு அந்த இடத்திலேயே தள்ளாடுகிறது.

அடுத்த விதைப்பில், நான்கைந்து இலைப் பருவத்தில் ஒரு செடியின் பக்கத்தில் உட்கார்ந்து குருத்தை மெல்ல விரித்துப் பாருங்கள். இலையின் அடிப்பாதியில், நடுநரம்புக்கு இருபுறமும் விரல் அகலத்துக்கு வெளுத்த பட்டை இருந்து, நடுநரம்பும் ஓரமும் பச்சையாகவே இருந்தால் அது துத்தநாகக் குறை. இலை முழு நீளத்துக்கும் நரம்புகளுக்கு இடையே மெல்லிய கோடுகளாக வெளுத்திருந்தால் இரும்பை நினைக்க வேண்டும். குருத்து இலை முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்தால் கந்தகம். கீழ் இலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல்சத்து. மருந்து தெளிக்கும் அவசரத்தில் நின்றபடியே பார்த்தால் இவை எல்லாமே "மஞ்சள்" என்றுதான் தெரியும்.

யூரியா போட்டதும் பச்சை திரும்புகிறதே என்று கேட்பீர்கள். துத்தநாகக் குறை பெரும்பாலும் இளம்பருவத்தில், வேர் சிறியதாக இருக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். வேர் பரவிக் கூடுதல் மண்ணைத் தொடும்போது இலை ஓரளவு தானாகவே தெளியும். உங்கள் மேலுரமும் அதே நாட்களில் விழுவதால் பெயர் யூரியாவுக்குப் போய்விடுகிறது. அதற்குள் வளர்ச்சியில் இழந்த நாட்கள் திரும்புவதில்லை. குட்டையாக நிற்கும் செடி அதைத்தான் காட்டுகிறது.

அறிக்கையை எப்படிப் படிப்பது

முதலில் துத்தநாகம். உங்களுடையது 0.4 பி.பி.எம். மண்ணின் துத்தநாகத்தை அளக்கும் வழக்கமான டி.டி.பி.ஏ. முறையில் 0.6க்குக் கீழே போனால் மக்காச்சோளத்துக்குப் போதாது. சில ஆய்வகங்கள் எல்லையை அதைவிட உயரத்திலும் வைக்கின்றன. எந்த எல்லையை வைத்தாலும் உங்கள் மண் தேறாது. அறிக்கையில் கடைசி வரியாக, சின்ன எழுத்தில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நுண்ணூட்டங்களுக்கு அறிக்கைகளில் எப்போதுமே கடைசி வரிசைதான்.

அடுத்து மணிச்சத்து. ஓல்சன் முறையில் 10 முதல் 20 பி.பி.எம். இருந்தாலே பெரும்பாலான தானியப் பயிர்களுக்குப் போதும். உங்களிடம் 46 இருக்கிறது. எங்கிருந்து வந்தது? 100 கிலோ டி.ஏ.பி.யில் தழைச்சத்து 18 கிலோ, மணிச்சத்து 46 கிலோ. ஒரு டன் மக்காச்சோள மணி வயலை விட்டு எடுத்துச் செல்லும் மணிச்சத்து சுமார் 6 முதல் 8 கிலோ. இரண்டு டன் விளைந்தால் 16 கிலோவுக்கு மேல் போகாது. நீங்கள் போட்டது 46. மீதி 30 கிலோ மண்ணிலேயே தங்குகிறது. தழைச்சத்துபோல அது காற்றிலும் நீரிலும் எளிதில் ஓடிவிடாது; மண் துகள்களையும் சுண்ணாம்பையும் பிடித்துக்கொண்டு கிடக்கும். அப்பா தொடங்கிய காலத்தில் அந்த மண்ணுக்கு டி.ஏ.பி. தேவைப்பட்டிருக்கும். அந்தத் தேவை தீர்ந்து பல பருவங்கள் ஆகியும் வழக்கம் மட்டும் தொடர்கிறது.

இதில் செலவு மட்டும் வீணாகவில்லை. பி.எச். உயர்ந்த மண்ணில் துத்தநாகம் கரைவதே குறைவு. அதன்மேல் மணிச்சத்தும் மிகுந்தால் பயிர் துத்தநாகத்தை எடுப்பது மேலும் தடைப்படும். வேரோடு ஒட்டி வாழ்ந்து, எட்டாத இடத்துச் சத்தையும் கொண்டுவந்து தரும் வேர்ப்பூஞ்சைகளும் மணிச்சத்து மிகுந்த மண்ணில் குறைந்துவிடும். ஆக, ஒரு சத்தை அளவுக்கு மீறிக் கொட்டி இன்னொன்றின் வழியை அடைத்திருக்கிறீர்கள்.

இப்போது நீங்கள் பிடித்துக்கொண்ட அந்தத் "தழைச்சத்து குறைவு" வரி. அங்ககக் கரிமம் 0.38 சதவீதம் உள்ள எந்த மண்ணைச் சோதித்தாலும் தழைச்சத்து குறைவு என்றுதான் வரும், ஏனென்றால் மண்ணின் தழைச்சத்து இருப்பு பெரும்பகுதியும் அங்ககப் பொருளில்தான் இருக்கிறது. இந்த மண் தானாகக் கொடுப்பது கொஞ்சம், ஆகவே பயிருக்கு வேண்டியதை நாம் கொடுக்க வேண்டும் என்பது அந்த வரியின் பொருள். எவ்வளவு போட்டாலும் தகும் என்று அதற்குப் பொருள் இல்லை. யூரியாவைக் கொட்டி வைத்து அந்த வரியை "உயர்வு" என்று மாற்றவும் முடியாது. பயிர் எடுக்காத யூரியா அடுத்த பருவம்வரை உங்களுக்காகக் காத்திருப்பதில்லை.

200 கிலோ யூரியா எங்கே போகிறது

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 200 கிலோவில் 92 கிலோ, டி.ஏ.பி.யிலிருந்து 18, மொத்தம் 110 கிலோ. மக்காச்சோளம் ஒரு டன் மணி விளைவிக்கத் தண்டு, இலை, மணி எல்லாம் சேர்த்துச் சுமார் 20 முதல் 25 கிலோ தழைச்சத்து எடுக்கும். 1.8 டன்னுக்கு 45 கிலோவைத் தாண்டாது. மண் கொடுத்ததைக் கணக்கில் சேர்க்காமலேயே, நீங்கள் போட்டதில் பாதிக்கு மேல் பயிருக்குள் போகவில்லை.

போன வழியை உங்கள் கடிதமே காட்டிக்கொடுக்கிறது. "தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் ஈரமண்ணின்மேல் வீசிவிடுவோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஈரத்தில் யூரியா உடனே கரையும். மண்ணில் இயல்பாகவே உள்ள யூரியேஸ் என்ற நொதி அதை அம்மோனியம் கார்பனேட்டாக மாற்றும். அந்த இடத்தில் பி.எச். மேலும் ஏறி அம்மோனியா வாயுவாகக் கிளம்பும். ஏற்கெனவே 8.3 உள்ள மண், மேலே வெயில், கீழே ஈரம், உரமோ மேற்பரப்பில். ஆவியாகிப் போவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. மண்ணுக்குள் போன பங்கு சில நாட்களில் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. கூடுதலாகப் பாயும் தண்ணீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

வரிசையை மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். செடி வரிசையிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சிறு பள்ளம் கீறி, யூரியாவை இட்டு, மண்ணை மூடி, பிறகு அளவாகத் தண்ணீர் விடுங்கள். களை எடுத்து மண் அணைக்கும் வேலையோடு இதைச் சேர்த்தால் தனி ஆள் கூலி வராது. ஆள் இல்லை, வீசத்தான் முடியும் என்றால் மேல்மண் காய்ந்திருக்கும்போது வீசிவிட்டு உடனே நீர் பாய்ச்சுங்கள். நீர் யூரியாவைச் சில அங்குலம் உள்ளே கொண்டுபோய்விடும். முதலில் உரம், பிறகு நீர் என்பதை வயலில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஜிப்சமும் ஊக்கித் திரவமும்

ஜிப்சம் நல்ல பொருள்தான். சோடியம் ஏறிய களர் மண்ணில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் பி.எச். 8.3 என்ற ஒரே எண்ணை வைத்து மண்ணைக் களர் என்று சொல்ல முடியாது. சுண்ணாம்பு கலந்த மண்ணின் பி.எச். இயல்பாகவே 8.2, 8.3 வரை வந்து நிற்கும். ஒரு பிடி உலர்ந்த மண்ணில் வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் உங்களிடம் இருப்பது சுண்ணாம்பு மண். அதற்கு ஜிப்சம் போட்டு பி.எச்.சை இறக்க முடியாது. பொங்கவில்லை, தண்ணீர் தேங்கினால் கலங்கலாகவே நிற்கிறது, காய்ந்தால் ஓடுபோல் இறுகுகிறது என்றால், மாற்றத்தக்க சோடியம் எத்தனை சதவீதம் என்று ஆய்வகத்தில் கேளுங்கள். அது 15க்கு மேல் இருந்தால் ஜிப்சத்தைப் பற்றிப் பேசலாம். அதுவரை வாங்க வேண்டாம்.

திரவத்தின் பின்பக்க லேபிளைப் படியுங்கள். 5 சதவீதம் தழைச்சத்து என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில் இருப்பது சுமார் 50 கிராம். உங்கள் பயிருக்கு வேண்டியது ஏக்கருக்கு 50 கிலோ. லேபிளில் துத்தநாகம் எவ்வளவு என்று அச்சிட்டிருந்தால் பேசலாம். எதுவும் அச்சிடாமல் "அபார வளர்ச்சி" என்று மட்டும் போட்டிருந்தால் அலமாரியிலேயே இருக்கட்டும். எதை விற்றாலும் சத்து அளவை லேபிளில் காட்டச் சொல்லிக் கேட்பதும், ரசீது வாங்குவதும் உங்கள் உரிமை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மகன் சொல்வதில் எது சரி

உங்கள் மகன் நோயைச் சரியாகவே மோப்பம் பிடித்திருக்கிறார்; காரணத்தில்தான் தவறுகிறார். உப்புப் படிந்துவிட்டது என்பது உண்மையில்லை. மின்கடத்துதிறன் 0.4 என்றால் உவர்ப்புப் பிரச்சினையே இல்லை. ரசாயன உரம் போட்டாலே மண் செத்துவிடும் என்பதும் அப்படியே ஏற்கக்கூடியது அல்ல. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் பிராட்பாக் வயலில் 1843 முதல் இன்றுவரை கோதுமை விதைக்கிறார்கள். சில பாத்திகளுக்குத் தொழுவுரம், சிலவற்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை. சரியான கலவையில் ரசாயன உரம் மட்டும் பெற்ற பாத்திகள் ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டியும் நன்றாகவே விளைகின்றன. ஆனால் அதே வயலில் தொழுவுரப் பாத்தியின் மண்ணில் அங்ககக் கரிமம் எதுவும் போடாத பாத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இதைத் தந்தையும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து யோசிக்கலாம். இருவருக்கும் அதில் பாதிப் பாதி வெற்றி இருக்கிறது.

மண் வளம் இழந்ததற்கு நான் குற்றம் சொல்வது யூரியாவை அல்ல, தட்டையை எரிக்கும் நெருப்பை. எரிக்கும்போது அதிலுள்ள கரிமமும் தழைச்சத்தும் கந்தகமும் பெரும்பாலும் புகையாகப் போய்விடும். மக்காச்சோளம் எடுக்கும் சாம்பல்சத்தில் மிகுதி தட்டையில்தான் இருக்கிறது; அது சாம்பலாக மிஞ்சினாலும் காற்றும் மழையும் எடுத்ததுபோக எவ்வளவு உங்கள் வயலில் தங்கும் என்பது சந்தேகம். வீட்டில் சாணக் குவியலைப் பொன்போல் காக்கிறவர்கள் வயலில் பல டன் அங்ககப் பொருளுக்குத் தீ வைப்பது எனக்கு எப்போதும் புரியாத விஷயம்.

எல்லாவற்றையும் நிறுத்திச் சாணத்துக்கு மாறுவதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்கு மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். 10 டன்னில் 50 கிலோ இருக்கும், ஆனால் முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஒரு மாடு நாளைக்கு 10 முதல் 15 கிலோ சாணம் போட்டாலும் இரண்டு மாட்டுச் சாணம் ஆண்டு முழுவதும் சேர்த்து மக்கினால் மூன்று முதல் ஐந்து டன் தேறும். நான்கு ஏக்கருக்கு அது எந்த மூலைக்கு? வெளியிலிருந்து வாங்கித் தழைச்சத்துத் தேவை முழுவதையும் எருவாலேயே ஈடுகட்டினால் வேறொரு சிக்கல் வரும். எருவில் தழைச்சத்தோடு மணிச்சத்தும் வருகிறது. கோழி எருவில் இன்னும் கூடுதல். ஏற்கெனவே மணிச்சத்து நிரம்பி வழியும் உங்கள் மண்ணில் அதுவும் சேர்ந்து குவியும். டி.ஏ.பி.யில் செய்த தவற்றை எரு வழியாகத் தொடர்வதாகிவிடும்.

மகனுக்கு என் யோசனை இது. இருக்கிற எருவை நான்கு ஏக்கருக்கும் தூவிக் காணாமல் போகவிடாமல், ஆண்டுக்கு ஓர் ஏக்கர் என்று முறை வைத்துப் போடுங்கள். தட்டையைத் துண்டுகளாக நறுக்கி மண்ணில் மடக்கி உழுங்கள். ஆனால் விதைப்புக்கு ஆறேழு வாரம் முன்பே செய்துவிட வேண்டும். உலர்ந்த தட்டையில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொண்டுதான் வேலை செய்யும். அந்த நேரத்தில் விதைத்தால் இளம்பயிர் வெளிறும். பிறகு அதே தழைச்சத்தை அவை மெல்லத் திருப்பித் தரும். நிலம் சும்மா கிடக்கும் இடைவெளியில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூ எடுக்கும் தறுவாயில், சுமார் 45 நாளில் மடக்கி உழுங்கள். வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்து மண்ணுக்கு வரும், கூடவே கரிமமும். இரண்டு மூன்று ஆண்டுகள் இதைச் செய்தபின் யூரியாவை எவ்வளவு குறைக்கலாம் என்பதை வயலே சொல்லும். ரசாயனமே வேண்டாம் என்ற இடத்துக்கு அவர் போக விரும்பினால் போகட்டும். ஓர் ஏக்கரில் தொடங்கட்டும். வீட்டின் சாப்பாடு மொத்தமும் நான்கு ஏக்கரை நம்பியிருக்கும்போது நான்கிலும் ஒரே பருவத்தில் சோதனை வேண்டாம்.

ஒரு வேலை மட்டும் இந்த வாரமே செய்யலாம். ஈரம் மிதமாக இருக்கும்போது கூரான இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். ஒரு சாண் ஆழத்தில் தடுத்து, அதைத் தாண்டியதும் மீண்டும் எளிதாக இறங்கினால் அங்கே உழவுக் கடினத்தட்டு இருக்கிறது. ஈரம் மிகுந்த நிலையில், ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதால் வருவது அது. வேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பிவிடும். கீழே சத்து இருந்தும் பயன் இல்லை. நிலம் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் ஒருமுறை உடைத்தால் போதும்.

வரும் பருவத்துக்கு

இவை உங்கள் அறிக்கையை வைத்து, ஏக்கருக்கு இரண்டரை டன் இலக்கு என்று கொண்டு சொல்லும் அளவுகள். உங்கள் பகுதி வேளாண் அலுவலர் பயிர் ரகத்தையும் நீர் வசதியையும் பார்த்துச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

டி.ஏ.பி.யை நிறுத்துங்கள். மூன்று பருவம் கழித்து மீண்டும் மண்ணைச் சோதித்து, மணிச்சத்து 20க்குப் பக்கத்தில் இறங்கினால் அறுவடையில் வெளியேறும் அளவை மட்டும் திருப்பிப் போடலாம்.

துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ. ஏழு நீர் மூலக்கூறு கொண்ட, 21 சதவீதம் துத்தநாகம் உள்ள வகை இது. 33 சதவீத வகை வாங்கினால் ஆறேழு கிலோ போதும். உலர்ந்த மணலோடோ மக்கிய எருவோடோ கலந்து விதைப்புக்கு முன் இட்டு மண்ணில் கிளறிவிடுங்கள். மணிச்சத்து உரங்களோடு ஒரே கூடையில் கலக்காதீர்கள். ஒருமுறை போட்டால் இரண்டு மூன்று பயிருக்குத் தாங்கும். ஆண்டுதோறும் போட வேண்டாம். நிற்கும் பயிரில் வெள்ளைப் பட்டை தெரிந்துவிட்டால் லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் இரண்டரை கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கரைத்து வடிகட்டி, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. சுண்ணாம்பைச் சேர்க்காவிட்டால் இலை கருகலாம்.

யூரியா மொத்தம் 120 கிலோ. கால் பங்கு விதைப்பில். பாதி, பயிர் முழங்கால் உயரம் வரும்போது. மிச்சக் கால் பங்கு, ஆண் பூ வெளிவருவதற்குச் சற்று முன்பு. மக்காச்சோளம் தழைச்சத்தை வேகமாக உறிஞ்சுவது முழங்கால் உயரத்துக்கும் பூப்புக்கும் இடைப்பட்ட வாரங்களில்தான். விதையோடு யூரியாவை நேரடியாக ஒட்டவிடாதீர்கள், முளை வெந்துவிடும்.

சாம்பல்சத்து நடுத்தரம் என்பதால், தட்டையை மண்ணிலேயே விட்டால் பொட்டாஷ் உரம் குறைவாகவே வேண்டும். காய்கறிப் பருவத்தில் அதற்குத் தனியாகப் போடலாம்.

என் சொல்லை மட்டும் நம்பி நான்கு ஏக்கரையும் மாற்ற வேண்டாம். ஓர் ஓரத்தில் ஆறு வரிசைக்குப் பழைய முறையிலேயே டி.ஏ.பி.யும் 200 கிலோ கணக்கில் யூரியாவும் போடுங்கள். இன்னோர் ஆறு வரிசைக்குப் புதிய முறை, ஆனால் துத்தநாகம் மட்டும் இல்லாமல். மீதி வயல் முழுவதும் புதிய முறை. வரிசை நீளம் ஒன்றாக இருக்கட்டும், குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், அறுவடையைத் தனித்தனியாக எடை போடுங்கள். உங்களுக்கும் மகனுக்கும் கடைக்காரருக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல அந்த எடையே போதும்.

குத்தகை நிலம்

அந்த இரண்டு ஏக்கருக்கு உங்கள் நிலத்தின் அறிக்கையைப் பயன்படுத்தாதீர்கள். வரப்பு ஒன்று இருந்தால் இருபுறமும் உர வரலாறு வேறு. தனியாக மாதிரி எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குழி, வாய்க்கால் ஓரம் இவற்றை விட்டுவிட்டு, குறுக்கும் நெடுக்குமாகப் பதினைந்து இடங்களில், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரு சீவல் எடுத்து பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு வாளி வேண்டாம். வாளியின் துத்தநாகமே அறிக்கையில் ஏறிவிடும். கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி நீக்கி அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். உரம் போட்ட சூட்டில் எடுக்காதீர்கள்.

யூரியாவின் பலன் அந்தப் பருவத்தோடு முடிகிறது, போட்டவருக்கே கிடைக்கும். எரு, பசுந்தாள், துத்தநாகம், மணிச்சத்து ஆகியவற்றின் பலன் அடுத்த ஆண்டுகளுக்கும் நீள்கிறது. ஓராண்டுக் குத்தகையில் அவற்றை மண்ணில் போட்டால் அறுப்பது வேறொருவராக இருக்கலாம். ஆகவே மூன்றாண்டு ஒப்பந்தம் கேளுங்கள். அல்லது எருச் செலவில் நில உரிமையாளர் பாதி ஏற்கட்டும். வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், தொடக்க மண் அறிக்கையையும் ஒப்பந்தத்தோடு இணையுங்கள். நிலத்தை நன்றாக்கி ஒப்படைத்தீர்கள் என்பதற்கும், கெடுத்துவிட்டீர்கள் என்ற பேச்சு வராமல் இருப்பதற்கும் அது ஆதாரம். ஓராண்டுதான் என்று அவர் பிடிவாதமாக நின்றால், அந்த நிலத்தில் துத்தநாகம் குறைவாக இருந்தாலும் மண்ணில் போடாமல் இலைவழியாகத் தெளித்துச் சமாளியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று

கிணற்று நீர். பயிர் எடுக்காத நைட்ரேட் வேருக்குக் கீழே இறங்குகிறது என்று சொன்னேன் அல்லவா, அது போய்ச் சேரும் இடங்களில் உங்கள் கிணறும் ஒன்றாக இருக்கலாம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. பெரியவர்களைவிடக் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். குறிப்பாகப் புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாயலாம். நிறமோ மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. காய்ச்சினால் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சும்போது நீர் ஆவியாகி நைட்ரேட் இன்னும் செறிவாகும்.

உங்கள் கிணறு கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆழம், மண் வகை, மாட்டுக்கொட்டகையும் கழிவுநீர்க் குழியும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதையெல்லாம் பொறுத்தது அது. நீர்ப் பரிசோதனையில் நைட்ரேட்டைச் சேர்க்கச் சொல்லி ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள், மாதிரியைக் குளிர்ச்சியாகவும் தாமதமின்றியும் சேர்த்துவிடுங்கள். முடிவு வரும்வரை குழந்தைக்குப் பால் கலக்க அந்தக் கிணற்று நீர் வேண்டாம். சோதிக்கப்பட்ட வேறு குடிநீரைப் பயன்படுத்துங்கள். முழுவதும் தாய்ப்பால்தான் என்றால் கவலை மிகவும் குறைவு, அப்போதும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தையின் உதடோ தோலோ நீலம் பாய்ந்ததுபோல் தெரிந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கிணற்று நீர் கொடுத்தோம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.